முப்பது பாகை வெயிலில் ஐஸ் பிடித்த கதை

இறக்கையில் ஐஸ் பிடித்த அனுபவம் எனக்கு இல்லை. திருகோணமலை வானத்தில் உறைநிலையைத் தொடவே ஏறக்குறைய 16,000 அடி ஏறவேண்டும். செஸ்னா 150 என்ற சின்னப் பயிற்சி விமானத்துக்கு அது எட்டாத உயரம். எனக்கு ஐஸ் பிடித்தது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள்.

மார்கழி, மழை விட்டிருந்த ஒரு காலை. கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்துக்கு வந்த பயிற்சிப் பறப்பு. கந்தளாய்க் குளம் தாண்டியதும், பவரைக் கூட்டிக் குறைக்கும் திரொட்டிலைத் தொடாமலே, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் 2300இலிருந்து மெல்ல மெல்ல 2150க்கு இறங்கியிருந்தது. வெளியே நல்ல புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. ஐஸ் என்று யாருக்குத் தோன்றும்?

"தம்பி, கார்ப் ஹீட்டை முழுசா இழும்" என்றார் பயிற்றுநர் சேர். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் குமிழ் அது.

இழுத்தேன். முள் இன்னும் விழுந்தது. அப்புறம் எஞ்சின் இருமி உதறத் தொடங்கியது. குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடத்தான் கை துடிக்கும். "விடாதையும், உருகின தண்ணிதான் உள்ளுக்குப் போகுது." கீழே தம்பலகாமத்து வயலெல்லாம் வெள்ளம், இறக்குவதற்குக் காய்ந்த துண்டு நிலம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் உதறல் நின்று முள் ஏறியது. குமிழை உள்ளே தள்ளியதும் பழைய 2300.

பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் அழுத்தமும் விழும். இரண்டும் சேர்ந்து உள்ளே சூட்டை 30 பாகைக்கு மேல்கூடக் குறைத்துவிடும். சமைக்கும்போது காஸ் சிலிண்டரின் அடி வேர்க்குமே, அதே சங்கதி. கொட்டியாரக் குடாவின் ஈரக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே 38 பாகை இருந்தாலும் ஐஸ் பிடிக்கலாம். பவரைக் குறைத்து இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். உள்ளே காற்றுவழியைத் திறந்து மூடும் திரொட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும், சிறு ஐஸே வழியை அடைத்துவிடும்.

செஸ்னா காரவன் போன்ற பெரிய விமானங்களுக்கு இறக்கை விளிம்பில், ஊதி ஐஸை உடைக்கும் ரப்பர் பூட்ஸோ, ஐஸ் பிடிக்கவிடாத கிளைகோல் திரவம் கசியும் டி.கே.எஸ். அமைப்போ பொருத்துவார்கள். காரவனின் டர்பைன் எஞ்சினுக்குக் கார்புரேட்டரே இல்லை. நம்மிடம் இருப்பது இந்த ஒரு குமிழ்தான். அரைகுறையாக இழுப்பதில் பயனில்லை, சிலவேளை கேடுகூட. புழுதித் தரையிலும் இழுக்கக்கூடாது, அந்தச் சூடான காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை.

நான் இப்போது பவரைக் குறைக்கும் முன்பே இழுத்துவிடுவேன். ஓடுபாதை நெருங்கியதும் உள்ளே தள்ளிவிடுவேன். திரும்ப மேலேற வேண்டி வந்தால் முழுப் பவரும் வேண்டுமே.