சில அரச குடும்பங்கள் மட்டும் எப்போதும் செய்தியில் இருப்பது ஏன்?

கீழவாசல் (கேள்வி):
2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது எங்கள் வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை தொலைக்காட்சியை விட்டு எழவில்லை. அடுத்த ஆண்டு போகியன்று, அதாவது 2024 ஜனவரி 14 அன்று, 52 ஆண்டுகள் அரியணையில் இருந்த டென்மார்க் அரசி இரண்டாம் மார்கரெத்தே பதவி விலகி, அவருடைய மகன் பத்தாம் ஃபிரெடரிக் அரசரானார். அது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நானே ஓரிரு நாள் கழித்துத்தான் படித்தேன். ஐரோப்பாவில் இன்றும் பத்து நாடுகளில் பரம்பரை அரசர்களோ இளவரசர்களோ நாட்டின் தலைவர்களாக இருக்கும்போது, கவனம் லண்டன் பக்கமே சாய்வதற்குக் காலனிக் காலத்துப் பழக்கம் மட்டும்தான் காரணமா?

சுவடிக்காரன்:
பழக்கமும் ஒரு காரணம்தான். ஆனால் பார்ப்பதற்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முடிசூட்டு விழாவை இன்றும் நடத்தும் ஐரோப்பிய நாடு பிரிட்டன் ஒன்றே. சுவீடனில் அது கடைசியாக 1873-இலும் நார்வேயில் 1906-இலும் நடந்தது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் அன்று நடந்தது இவ்வளவுதான்: அமைச்சர்கள் கூடியிருந்த மேசையில் மார்கரெத்தே பதவி விலகல் பத்திரத்தில் கையெழுத்திட்டார், எழுந்து தம் நாற்காலியை மகனுக்கு விட்டார், 'கடவுள் அரசரைக் காக்கட்டும்' என்று சொல்லிவிட்டு வெளியேறினார். பின்னர் கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனை மாடத்தில் நின்று பிரதமர் புதிய அரசரை அறிவித்தார். எனக்கு இதுவே லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நடந்த முடிசூட்டு விழாவை விட உருக்கமாகப் பட்டது. ஆனால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு முடியும் தங்கச் சாரட்டும் வேண்டியிருக்கிறது. லண்டன் விழாவில் அரசருக்குப் புனித எண்ணெய் பூசும் கட்டத்தைத் திரையிட்டு மறைக்கிறார்கள். திரை போட்ட சந்நிதியின் முன் நின்றவர்களுக்கு அதன் ஈர்ப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நெடுந்தீவான்:
ஈழத்துக்காரன் என்ற முறையில் ஒரு சிறு திருத்தம். இரண்டாம் எலிசபெத் எங்களுக்கு வேற்று நாட்டு அரசியாக இருக்கவில்லை. 1972-இல் குடியரசாகும் வரை அவர் சட்டப்படி இலங்கையின் அரசி. அப்பாவின் பழைய முத்திரைச் சேகரிப்பில் அவருடைய முகம் பதித்த இலங்கை முத்திரைகள் இன்றும் இருக்கின்றன. சார்லஸ் இப்போதும் பிரிட்டனையும் சேர்த்து 15 நாடுகளின் தலைவர். சிட்னியிலும் டொரொண்டோவிலும் அவரைப் பற்றிய செய்தி உள்நாட்டுச் செய்தியாகவே அச்சாகிறது. ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவில்லாமல் உலகெங்கும் போய்ச் சேர்கிறது.

வழிப்போக்கன்:
இருவரும் சொல்வது சரிதான் என்றாலும், மொனாக்கோவை எங்கே வைப்பீர்கள்? சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த இடத்துக்குப் பேரரசும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. 1956-இல் ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி அதை ஆண்ட இளவரசர் மூன்றாம் ரெய்னியரை மணந்ததும், 1982-இல் கார் விபத்தில் இறந்ததும் அந்தக் குடும்பத்தை இதழ்களின் அட்டையில் நிரந்தரமாக உட்கார வைத்துவிட்டன. டயானா விஷயமும் அப்படித்தான். மக்கள் பின்தொடர்வது முடிவு தெரியாத குடும்பக் கதையை. அரண்மனை அதற்கு அரங்கம் மட்டுமே.

அதிகாரத்துக்கும் கவனத்துக்கும் தொடர்பே இல்லை என்பதற்கு லிக்டென்ஸ்டைன் போதும். மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டத்தையும் தடுக்கும் உரிமை அந்நாட்டு இளவரசருக்கு உண்டு. 2012-இல் அதைக் கட்டுப்படுத்த வாக்கெடுப்பு நடந்தபோது, நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் உரிமை அப்படியே இருக்கட்டும் என்றார்கள். உண்மையாகவே ஆளக்கூடிய அவரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

இன்னொன்று, 'உலகம் கவனிக்கிறது' என்பது எந்தத் திண்ணையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நெதர்லாந்து அரசி மாக்சிமா அர்ஜென்டினாவில் பிறந்தவர். டென்மார்க் அரசி மேரி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்தவர். அந்தந்த நாடுகளில் இவர்கள் 'நம் வீட்டுப் பெண்'. தமிழ்ச் செய்தி பெரும்பாலும் ஆங்கில நிறுவனங்கள் வழியாக வருவதால் நமக்கு லண்டன் பெரிதாகத் தெரிகிறது.

கீழவாசல்:
நன்றி. ஆனால் ஓர் ஐயம். குடும்பக் கதைதான் ஈர்ப்பு என்றால், பிற அரண்மனைகளில் பூசலே இல்லையா?

சுவடிக்காரன்:
இருக்கிறது; ஸ்பெயினின் முன்னாள் அரசர் ஹுவான் கார்லோஸ் நிதி விவகாரங்களில் சிக்கி 2020-இல் நாட்டை விட்டே போனார். ஆனால் பூசலாகக்கூடியதை முன்கூட்டியே முடித்துவிடுவதும் உண்டு. சுவீடன் அரசர் 2019 அக்டோபரில் ஓர் அறிக்கையால் தம் பேரப்பிள்ளைகள் ஐவரை அரச இல்லத்திலிருந்து விடுவித்தார். அரசுக் கடமையும் அதற்கான படியும் அவர்களுக்கு இனி இல்லை. பெற்றோர் வரவேற்றார்கள், சில நாளில் பேச்சு அடங்கியது. மூன்று மாதம் கழித்து சார்லஸின் இளைய மகன் ஹாரியும் அவர் மனைவி மேகனும் அதே போன்ற கடமைகளிலிருந்து விலகுவதாகத் தாமாகவே அறிவித்தார்கள். அந்தச் செய்தி இன்னும் ஓயவில்லை.