கணக்கில் வராத புகை

(குடும்பக் குழு: நம் வீட்டார்)

பெரியப்பா: வாணி, டொராண்டோவில் மறுபடியும் காட்டுத்தீப் புகை என்று செய்தியில் பார்த்தேன். குழந்தைகளை வெளியே விடாதே.

வாணி: ஜன்னல்களை அடைத்துவிட்டோம் பெரியப்பா. 2023 அளவுக்கு இல்லை. அந்த ஜூனில் கனடாக் காட்டுத்தீப் புகையால் நியூயார்க் வானமே ஆரஞ்சு நிறமாக மாறியது.

முரளி: அக்கா, ஆப்பிரிக்கப் புல்வெளிகள் ஆண்டுதோறும் எரிகின்றனவே. உலகில் எரியும் பரப்பு குறைந்து வருகிறது என்றும் படித்தேன்.

வாணி: உண்மைதான் முரளி. அங்கே புல்வெளியை உழுது வயலாக்கிவருகிறார்கள். ஆனால் எரிந்த பரப்பை மட்டும் வைத்து, தீயால் காற்றில் சேரும் கரிமத்தை (கார்பனை) கணக்கிட முடியாது. புல் எரிந்தால் அடுத்த மழையில் முளைத்து, விட்டதைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும். கனடாவின் வடக்குக் காட்டில் மரத்தைவிட மண்ணிலிருந்துதான் அதிகம் போகிறது. குளிரில் மக்காமல் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பாசி, இலை, வேர் எல்லாம் அதில் இருக்கின்றன. அது உலர்ந்துவிட்டால் கங்கு உள்ளே இறங்கிவிடுகிறது. சில இடங்களில் குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் புகைந்து, வசந்தத்தில் மறுபடி மேலே வருகிறது!

பெரியப்பா: 2023இல் எவ்வளவு போனது?

வாணி: எரிந்தது சுமார் 1.5 கோடி ஹெக்டேர், தமிழ்நாட்டைவிடப் பெரிய பரப்பு. செயற்கைக்கோள் அளவீட்டை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டதில், மே முதல் செப்டம்பர் வரை சுமார் 64.7 கோடி டன் கரிமம். சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்று நாடுகள்தான் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து ஓராண்டில் அதைவிட அதிகம் விடுகின்றன. கனடா அரசின் உமிழ்வுக் கணக்கிலோ காட்டுத்தீ இயற்கைச் சீற்றம் என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

அகிலா அத்தை: யாரம்மா தீ வைக்கிறார்கள்?

வாணி: மனிதர்களாலும் பற்றுகிறது அத்தை. ஆனால் அந்த ஆண்டு எரிந்த பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மின்னல் மூட்டிய தீ. மின்னல் என்றும் உள்ளதுதான். காட்டில் ஈரம் இல்லாமல் போய்விட்டது. 1980க்குப் பிறகு அத்தனை வெப்பமான மே-அக்டோபரைக் கனடா கண்டதில்லை.

அகிலா அத்தை: 2015இல் சிங்கப்பூரில் புகைக்காகப் பள்ளிகளையே மூடினார்கள். அதுவும் மின்னலா?

வாணி: இல்லை அத்தை. இந்தோனேசியாவில் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி, நீரை வடித்து, தோட்டம் போடத் தீ வைத்தார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டு அது; அந்த வறட்சியில் தீ அடங்கவில்லை. 1997இலும் இதே கதை, இன்னும் பெரிதாக.

முரளி: அதைத் தடுக்க வழி இல்லையா?

வாணி: அங்கே உண்டு. கால்வாயை அடைத்து நீரைத் தேக்கினால் மண் நனைந்தே இருக்கும். 2016இல் அதற்கென்றே ஓர் அரசு அமைப்பை ஏற்படுத்தினார்கள்.

முரளி: கனடாவில்?

வாணி: அடைப்பதற்கு அங்கே பெரும்பாலும் கால்வாயே இல்லை முரளி. அந்த மண்ணை உலர்த்துவது வெப்பம். எல்லா நாடுகளும் எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் குறைக்காமல் அதைத் தணிக்க முடியாது.