வால்வுக்கு முந்திக்கொள்ளும் மோட்டார்: வழி சொல்லுங்கள்

வணக்கம். போச்சம்பள்ளி பக்கம் எங்கள் மாந்தோப்பில் கிணற்று மோட்டாருக்கும் மேட்டு வால்வுக்கும் தனித்தனி இஎஸ்பி32 (சிறு கட்டுப்பாட்டுப் பலகை), தனித்தனி சிம். வால்வு திறந்த பிறகுதான் மோட்டார் ஓட வேண்டும், ஆனால் ஒரு கட்டளை அரை நொடியில் போகிறது, அடுத்தது 9 நொடி கழித்துப் போகிறது, போன வாரம் அழுத்தம் ஏறி பைப் மூட்டு பிய்ந்துபோய் அப்பா முழங்கால் சேற்றில் நின்று ஒட்டினார்.

இனி "6:00:20க்குத் திற" என்று நேரம் குறித்து முன்கூட்டியே அனுப்பலாம் என்றிருக்கிறேன். அதற்கு இரண்டு கடிகாரமும் ஒத்துப்போக வேண்டுமே! இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி முறை, போகவும் வரவும் ஒரே தாமதம் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, சிம்மில் அப்படி இல்லை. பலமுறை நேரம் கேட்டு, போய்வந்த நேரம் மிகக் குறைவாக இருந்த பதிலை மட்டும் எடுத்தால் போதுமா? இடையில் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு பார்த்துக்கொள்ளும், ஒரு நாளைக்கு 0.2 நொடிக்குள்தான் பிசகும். அப்புறம், வால்விடமிருந்து பதிலே வராவிட்டால் மோட்டார் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.