புதுப்பிப்பு: பார்க்கிங்கில் காரை இடித்துவிட்டுப் போனவர் கிடைத்துவிட்டார்

போன மாதம், நிறுத்தியிருந்த காரின் பின்கதவில் ஒடுக்கு விழ இடித்துவிட்டு, ஒரு சீட்டுகூட வைக்காமல் யாரோ போனதைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, ‘கேமராப் பதிவு அழிவதற்குள் ஓடுங்கள்’ என்ற யோசனைதான். பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடுமாம். காவலாளி காட்ட மறுத்தார். சரி என்று போலீசில் புகார் கொடுத்து, அந்த நகலோடு எழுதிக் கேட்டதும் பார்க்கிங் மேலாளர் பதிவை எடுத்துவைத்தார். வெள்ளை வேன், ரிவர்ஸில் வந்து இடிக்கிறது. எண் பாதிதான் தெரிந்தது. மீதியைப் போலீஸ் பார்த்துக்கொண்டது. கீறலின் உயரத்தை டேப் வைத்து எடுத்த படம் அந்த வேனின் பம்பரோடு அப்படியே பொருந்தியது. செலவு வேன்காரருடைய இன்சூரன்ஸில் வந்துவிட்டது.

எதிர்பாராதது: பாதிக் கீறல் கீறலே இல்லை, ஒட்டிய வெள்ளைப் பெயின்ட். பாலிஷ் போட்டதும் போய்விட்டது. நல்லவேளை, படம் எடுக்கும் முன் துடைக்கவில்லை.