விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, வசந்தம் பதிவை எதில் தொடர்வது?

ஈசூன்வாசி:

வீட்டில் ஒரு பழைய மேசைக்கணினி இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 2 டிபி டிஸ்க். பகலில் நான் அதில் கணக்கு எழுதுவேன், மின்னஞ்சல் பார்ப்பேன். ஆனால் அதன் உண்மையான முதலாளி அம்மாதான். சிங்கப்பூரின் தமிழ் ஒளிவழியான வசந்தத்தில் வரும் நாடகம், செய்தி, ஞாயிற்றுக்கிழமைப் படம் எல்லாவற்றையும் அது பதிவு செய்துவைக்க வேண்டும், அவர் தூங்கி எழுந்து பார்ப்பார்.

விண்டோஸ் 7 இருந்த காலத்தில் பிரச்சினையே இல்லை. டிவி பார்க்கவும் பதியவும் விண்டோஸோடு வந்த மீடியா சென்டர் இருந்தது. பச்சைப் பொத்தான் வைத்த அந்த ரிமோட்டை அம்மா யாரிடமும் கேட்காமல் தானே பழகிக்கொண்டார். 2019 தொடக்கத்தில் இங்கே அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். பழைய டிவி கார்டு உதவாமல் போனது. இங்குள்ள டிஜிட்டல் ஒளிபரப்பு முறையான டிவிபி-டி2-வை எடுக்கும் யுஎஸ்பி டியூனர் ஒன்று வாங்கினேன், கூடவே விண்டோஸ் 10-க்கு மாறினேன். அதில் மீடியா சென்டர் கிடையாது என்பதால் டியூனரோடு வந்த மென்பொருளில்தான் இதுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரவில் அப்டேட் வந்து கணினி மறுபடி கிளம்பினால் கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே நின்றுவிடும். காலையில் அம்மா, “நேத்து நாடகம் எங்கடி?” என்பார்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. ஒரு கடையில் கேட்டேன். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்குங்க என்று சொல்லிவிட்டார். பதிவு செய்ய மட்டும் புதுக் கணினியா? விண்டோஸுக்குப் பதில் இலவசமாகப் போடும் லினக்ஸில் இது நடக்குமா? விண்டோஸ் 7 காலத்தில் மீடியா சென்டர் பதிந்த டபிள்யூடிவி கோப்புகளும் டிஸ்க்கில் நிறைய கிடக்கின்றன, அக்கா மகள் ஆடிய தீபாவளி நிகழ்ச்சி உட்பட. அவை என்ன ஆகும்?

தெம்பனிஸ்காரன்:

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? இணையத்தில் பார்க்க மீவாட்ச் இருக்கே. நாடகம் எல்லாம் அதிலேயே வருது. பதிவுதான் வேணும் என்றால் நிறுவும் பென்டிரைவ் செய்யும் ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து விண்டோஸ் 11 போடுங்க, பழைய சிப்பிலும் ஏறும்.

ஈசூன்வாசி:

மீவாட்ச் என் கைப்பேசியில் இருக்கிறது, நான் பார்ப்பேன். அம்மா பார்க்க மாட்டார். நடுவில் உள்நுழையச் சொன்னால் டிவியை அணைத்துவிட்டுப் போய்விடுவார். வசந்தத்தில் போடும் சில படங்களை அதில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பழையசிப்பு:

அக்கா, கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதைத்தான் கேட்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். தம்பி சொன்ன மாதிரி குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ராத்திரி தானாக எழுந்து வேலை செய்ய வேண்டிய பெட்டிக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து. அவசரமே இல்லை, பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டம் விண்டோஸ் 10-க்கு உண்டு. அதில் சேர்ந்துவிட்டு நிதானமாக மாறுங்கள்.

உங்கள் விஷயத்தில் கணினியை விட டியூனர்தான் முக்கியம். எதையும் அழிப்பதற்கு முன்னால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-ஐ ஒரு பென்டிரைவில் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே கிளப்புங்கள். டியூனரைச் செருகுங்கள். கட்டளை தட்டும் டெர்மினலில், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதிவைக்கும் குறிப்புகளைப் பார்த்தால் அது என்ன சிப் என்று தெரியும். பல டி2 டியூனர்களில் எஸ்ஐ2168 என்ற சிப் இருக்கும். கெர்னலுக்கு அதைத் தெரியும், ஆனால் அந்தச் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு தனியாக வேண்டும், கூடவே வராமல் போகலாம். ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று வந்தால் டியூனர் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது நல்ல செய்தி, கோப்பை ஃபர்ம்வேர் அடைவில் போட்டால் எழுந்துவிடும்.

மென்பொருளுக்கு டிவிஹெட்எண்ட். இது திரையில் ஒன்றும் காட்டாது, பின்னணியில் ஓடும். உலாவியில் அந்தக் கணினியின் முகவரியோடு 9981 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்துத் திறந்து அமைக்க வேண்டும். யாரும் உள்நுழையாமலே கணினி கிளம்பியதும் அதுவும் கிளம்பிவிடும். உங்கள் பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்தது. அலைவரிசையை (ஃப்ரீக்வென்சி) சேர்க்கும்போது டெலிவரி சிஸ்டம் என்ற இடத்தில் முந்தைய முறையான டிவிபி-டி என்று இருந்தால் டிவிபி-டி2 என்று மாற்றுங்கள். அதை விட்டுவிட்டு ஒளிவழியே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம். ஒரே அலைவரிசையில் வரும் ஒளிவழிகள் எத்தனையையும் ஒரே டியூனரில் சேர்ந்தே பதியலாம். அம்மா பார்க்க டிவியோடு ஹெச்டிஎம்ஐ-யில் இணைத்து பதிவுகளைத் திரையில் காட்டும் கோடி என்ற மென்பொருளைப் போடுங்கள்.

அந்தப் பச்சைப் பொத்தான் ரிமோட்டின் யுஎஸ்பி ரிசீவர் இன்னும் இருக்கிறதா? லினக்ஸ் கெர்னலில் அதற்கு டிரைவர் உண்டு. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டபிள்யூடிவி கோப்புகள்: அனலாக் காலத்துப் பதிவில் நகல் தடுப்புப் பூட்டு இருக்க வாய்ப்பு குறைவு. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி அதைப் படிக்கும். படத்தைத் தொடாமல் அப்படியே எம்கேவி என்ற பொது வடிவக் கோப்புக்கு மாற்றலாம், தரம் குறையாது. ஆனால் பூட்டுப் போட்ட பதிவு ஏதாவது இருந்தால், அது பதிந்த கணினியில் மட்டும்தான் ஓடும், விண்டோஸை மறுபடி நிறுவியிருந்தாலே திறக்காது. எனவே ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் மற்ற வேலை.

ஜூரோங்கிழக்கு:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். டியூனர் மாற்ற வேண்டி வந்தால் மலிவாகக் கிடைக்கும் ஆர்டிஎல்2832யு டாங்கிளை வாங்கிவிடாதீங்க. அந்தச் சிப் தனியாக டிவிபி-டி மட்டும்தான் எடுக்கும், இங்கே ஒளிபரப்பு டி2. பெட்டியில் ‘டிஜிட்டல் டிவி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், நம்ப வேண்டாம்.

இன்னொன்று, விண்டோஸை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் பவர் அமைப்பில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணையுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸில் போய் அந்த டிஸ்க்கைத் திறந்தால் படிக்கத்தான் விடும், எழுத விடாது. டிஸ்க் போச்சு என்று பயந்துவிடுவீங்க.

இட அளவு பற்றிக் கவலை வேண்டாம். நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 2.25 ஜிபி வரும். உங்கள் 2 டிபி தாராளம், ஆனால் டிவிஹெட்எண்டில் பழைய பதிவு தானாக அழியும் நாளைக் குறித்துவிடுங்கள். அம்மாக்கள் எதையும் அழிக்க மாட்டார்கள், எங்கள் வீட்டு அனுபவம்.

ஈசூன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை உட்கார்ந்து செய்தேன். பென்டிரைவில் கிளப்பியதும் பழையசிப்பு சொன்ன அதே எஸ்ஐ2168, அதே ‘ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை’. கோப்பைப் போட்டு டியூனரைக் கழற்றி மாட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது. டிவிக்குப் பின்னால் இருந்த ஆன்டெனாவை ஒரு முழம் தள்ளி ஜன்னலோரம் வைத்ததும் வசந்தம் சுத்தமாக வந்தது. இப்போது மின்ட் நிறுவிவிட்டேன், பழைய பதிவுகளை முதலில் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். தீபாவளி நிகழ்ச்சி எம்கேவி ஆகி நன்றாக ஓடுகிறது.

ரிமோட் பாதி வேலை செய்கிறது. அம்புக்குறிகள் உடனே வந்தன, ஓகே பொத்தானும் எண்களும் அசையவில்லை. அம்மா ஓகேயை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். இன்னொன்று, நாடகம் சில நாள் நேரம் தள்ளித் தொடங்குகிறது, கடைசிக் காட்சி அறுந்துபோகிறது.

பழையசிப்பு:

ஓகேயும் எண்களும் அனுப்பும் குறிகள் மின்ட்டின் திரை அமைப்புக்கு எட்டாத பெரிய எண்களில் இருக்கின்றன, அதனால் வழியிலேயே தொலைகின்றன. ஐஆர்-கீடேபிள் என்ற கருவியை நிறுவி, ஓகேக்கு என்டர் விசையையும் எண்களுக்குச் சாதாரண எண் விசைகளையும் பொருத்துங்கள். ஒரு சின்ன உரைக் கோப்புதான்.

நாடகத்துக்கு, பதிவு அமைப்பில் ‘முன் கூடுதல்’ 2 நிமிடம், ‘பின் கூடுதல்’ 15 நிமிடம் வையுங்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறது, கஞ்சத்தனம் வேண்டாம். நிகழ்ச்சிப் பெயரை வைத்துத் தானாகப் பதியும் விதியும் போடலாம், ஆனால் சிறப்பு நிகழ்ச்சி வரும் வாரங்களில் பெயர் கொஞ்சம் மாறினாலும் அது கோட்டைவிடும். அம்மா தவறவிடக் கூடாத நாடகத்துக்கு மட்டும் கிழமையும் நேரமும் குறித்து ஒரு டைமரும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். இரண்டு பதிவு வந்தால் ஒன்றை அழித்துக்கொள்ளலாம்.