மறு: 'என்டெயில்' – 'கால்வழிக்கட்டு' சரிவருமா?

குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த புகையிலைப் பெருந்தோட்டக்காரர்கள் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கும்போது 'என்டெயில்' என்ற சட்டச் சொல்லில் மாட்டிக்கொண்டேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். சொத்தை விற்க முடியாதபடி ஒருவருடைய சந்ததிக்கே கட்டிவைக்கும் ஏற்பாடு அது. 'பரம்பரைச் சொத்து', 'முதுசம்', 'தலைமகன் உரிமை' என மூன்று சொற்கள் வந்தன. மூன்றையும் கட்டுரையின் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்.

'தலைமகன் உரிமை' வேறொன்று. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் மூத்த மகனுக்குப் போகும் என்ற விதி அது. வர்ஜீனியாவில் 1785இல்தான் அதை நீக்கிச் சட்டம் இயற்றினார்கள். அதற்கு அந்தச் சொல்லையே வைத்துக்கொள்வோம். 'பரம்பரைச் சொத்து' எதற்கும் பொருந்துவதால் இதற்குப் பயன்படாது.

> தேசவழமையில் முதுசம் என்ற அருமையான சொல் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

அக்கா, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் வரும் 'முதுசம்' எனக்கும் பிடித்த சொல். ஆனால் அது சொத்து எங்கிருந்து வந்தது, அதாவது முன்னோரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. மணவாழ்வில் சம்பாதித்த தேடியதேட்டத்திலிருந்தும் சீதனத்திலிருந்தும் பிரித்துக் காட்டுகிறது. நமக்கு வேண்டியது, சொத்து இனி எங்கே போகும் என்பதைச் சொல்லும் சொல். தாத்தா தன் உயிலில் 'என் மகனுக்கும் அவனுக்குப் பிறக்கும் வாரிசுகளுக்கும்' என்று எழுதிவிட்டால், மகன் அந்த நிலத்தில் வாழலாம், புகையிலை போடலாம், விளைச்சலை அனுபவிக்கலாம். விற்க முடியாது. வேறு யாருக்கும் உயில் எழுதவும் முடியாது. அவன் பட்ட கடனுக்காக அவன் காலத்துக்குப் பிறகு யாரும் நிலத்தைப் பிடிக்க முடியாது. பேரனுக்கும் அதே நிலைதான்.

நம்முடைய பழைய கிரயப் பத்திரங்களை நினைத்துப் பாருங்கள். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று எழுதி, கூடவே 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்றும் எழுதுவார்கள். பிள்ளை பேரன் என்று ஆண்டுகொள்ளலாம். கொடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். இதில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவது பாதியை அடித்துவிட்டால் அதுதான் என்டெயில். இது புரிந்த பிறகுதான் எனக்குச் சொல் கிடைத்தது. 'கால்வழி' என்றால் ஒருவருடைய சந்ததி, அவர் வயிற்று வாரிசு. அந்தக் கால்வழியோடு சொத்தைக் கட்டிவைப்பதால் 'கால்வழிக்கட்டு'.

> 'கால்வழி நிலம்' என்று வைக்கலாமே. சுருக்கமாகவும் இருக்கும், படித்தவுடன் புரியும்.

ஐயா, இதில் மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. கட்டப்பட்டது நிலம் மட்டும் அல்ல. 1705இல் வர்ஜீனியா சட்டமன்றம், வாரிசுரிமையைப் பொறுத்தவரை அடிமைகளை அசையாச் சொத்தாக அறிவித்தது. மனிதர்களை, அசையாச் சொத்து என்று! 1727இல் இன்னொரு படி போனார்கள். கட்டில் உள்ள நிலத்தோடு அடிமைகளையும் சேர்த்து, அதே வாரிசு வரிசைக்குக் கட்டிவைக்கலாம் என்று சட்டம் செய்தார்கள். ஒரு தாயும் அவள் பிள்ளைகளும், இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும், இன்னும் பிறக்காத எசமானுக்கு இப்போதே உரியவர்கள். சொல்லில் 'நிலம்' என்று போட்டால் இந்த மனிதர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். 'கட்டு' என்றால் இருவகையும் அடங்கும்.

அப்புறம், இந்தக் கட்டை நீக்குவதற்கான வினைச்சொல். இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் ஒப்புக்கு ஒரு வழக்குப் போட்டு இதை முறித்துவிடும் வழக்கம் இருந்தது. வர்ஜீனியா 1705இல் அந்த வழியை அடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்துக்கென்று தனிச்சட்டம் கேட்டுச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும். 1734இல் 200 பவுண்டு மதிப்புக்கும் குறைந்த சொத்துகளுக்கு மட்டும் எளிய வழி கொடுத்தார்கள். புகையிலை மண்ணைச் சீக்கிரம் சக்கையாக்கிவிடும். பழைய நிலத்தை விற்று மேற்கே புது நிலம் வாங்க வேண்டும் என்பதால் பலர் கேட்டுப் போனார்கள். ஆனால் அந்தத் தனிச்சட்டங்கள் பலவும் ஒரு நிலத்தை விடுவித்து, ஈடாக இன்னொரு நிலத்தையோ அடிமைகளையோ அதே வரிசைக்குக் கட்டின. ஆகவே இதற்குக் 'கட்டுமாற்றம்' என்ற சொல்லே பொருந்தும் என்று நினைக்கிறேன். 1776 அக்டோபரில், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன் கொண்டுவந்த சட்டம் வேறு வகை. கட்டில் இருந்த சொத்தையெல்லாம் அப்போது வைத்திருந்தவருக்கே முழு உரிமையாக்கிவிட்டது. அதற்குக் 'கட்டறுப்பு'. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் கட்டுரையின் பாதி விஷயம் போய்விடும்.

கட்டு அறுந்ததால் அடிமைகள் விடுதலை ஆகவில்லை என்பதையும் அடிக்குறிப்பில் எழுதப்போகிறேன். எசமானுக்கு இப்போது அவர்களை விற்கும் உரிமையும் சேர்ந்தது, அவ்வளவுதான்.

'டவர்' என்பதற்குச் 'சீதனம்' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம். இது மனைவி கொண்டுவருவது அல்ல. கணவன் இறந்தபின் அவன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் ஆயுள் வரை அனுபவிப்பது. 'கைம்மைப் பங்கு' என்று வைத்திருக்கிறேன். கட்டுரையில் வரும் உதாரணம், ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தா. அவருடைய முதல் கணவர் டேனியல் கஸ்டிஸ் 1757இல் உயில் எழுதாமல் இறந்தார். மார்த்தாவின் கைம்மைப் பங்கு, அவர் மறுமணம் செய்துகொண்ட ஜார்ஜ் வாஷிங்டனின் கைக்கு வந்தது, அனுபவிக்க மட்டும். 1799இல் வாஷிங்டனின் தோட்டமான மவுண்ட் வெர்னனில் இருந்த 317 அடிமைகளில் 153 பேர் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள். வாஷிங்டன் தனக்குச் சொந்தமானவர்களை விடுவிக்க உயில் எழுதினார். இந்த 153 பேரை விடுவிக்கச் சட்டப்படி அவருக்கோ மார்த்தாவுக்கோ உரிமை இல்லை. வாஷிங்டனுக்குச் சொந்தமானவர்களும் பங்கைச் சேர்ந்தவர்களும் தங்களுக்குள் கலியாணம் செய்திருந்தார்கள், பிள்ளை பெற்றிருந்தார்கள். 1802இல் மார்த்தா இறந்ததும் பங்கைச் சேர்ந்தவர்கள் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் பிரிக்கப்பட்டார்கள். விடுதலையான அப்பா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். இந்த இடத்தை மொழிபெயர்த்த அன்று வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

'பிளாண்டர்' என்பதற்குத் 'தோட்டத்துரை' வேண்டாம் என்பதும் என் கருத்து. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் துரை என்றால் பெரும்பாலும் கம்பெனியின் சம்பளக்காரர், இவர்கள் உடைமையாளர்கள். 'பெருந்தோட்டக்காரர்' போதும்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும். 'கட்டுமாற்றம்' என்ற சொல்லில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. அதைவிட நல்லது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.