முதல் கூட்டத்தைத் தேடிப் போன கதை: உங்களோடதையும் சொல்லுங்க

நாலு வருஷம் முந்தி நடந்தது. பாளையங்கோட்டையில எந்த டாஸ்மாக் எந்தச் சந்துல இருக்குன்னு கண்ணைக் கட்டி விட்டாலும் போயிடுவேன். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைக்கிறவங்க ஒண்ணுகூடிப் பேசுற அமைப்பு) கூட்டம் நடக்குற இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு.

நிறுத்தத் தெரியாதவன் இல்ல நான். வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் சொட்டுத் தொடமாட்டேன். மலையிறங்கி மாலையைக் கழட்டின அன்னைக்கே வட்டியும் முதலுமா ஆரம்பிச்சிடும். கோயில்ல கயிறு கட்டிப் பார்த்தாச்சு, அதையும் நானே அறுத்தேன். நிறுத்தினதைத் தக்கவச்சுக்கத்தான் தெரியல.

கடைசியில கை நடுக்கம், தூக்கமில்ல, சுவர்ல பூச்சி ஊர்ற மாதிரி தெரிஞ்சு, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல எட்டு நாள் கிடந்தேன். (ரொம்ப வருஷமா தினமும் குடிக்கிறவங்க யாராச்சும் இதை வாசிச்சா, வீட்டுலயே சட்டுன்னு நிறுத்திடாதீங்க. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதல்ல டாக்டரைப் பாருங்க.) கிளம்பும்போது நர்ஸம்மாதான் ஏ.ஏ. பத்திச் சொன்னாங்க. 1935-ல அமெரிக்காவுல குடியை விடமுடியாத ஒரு பங்குச்சந்தை ஆளும் ஒரு டாக்டரும் சேர்ந்து ஆரம்பிச்சதாம். டாக்டருக்கே முடியலையான்னு கேட்டேன். சிரிச்சாங்க. கூட்டம் எங்கன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியல.

இணையத்துல கிடைச்ச நம்பர் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. ஒரு விலாசத்துக்கு நேர்லயே போனேன். வாசல்ல இருந்த காவல்காரர் தெருவுக்கே கேக்குற மாதிரி, "குடிகாரங்க கூட்டமா சார்? அது சர்ச் பள்ளிக்கூடத்துக்கு மாறிடுச்சே!"ன்னார்.

அந்தப் பள்ளிக்கூட கேட்டை பைக்ல மூணு தடவை தாண்டிப் போனேன். யாராவது பார்த்துட்டா? பஸ் ஸ்டாண்ட்ல வேட்டி அவுந்து கிடந்தப்ப இந்த வெக்கம் வரல பாருங்க.

உள்ள அஞ்சாம் வகுப்பு. சின்னப்பிள்ளைங்க பெஞ்சு, முட்டி இடிக்குது. கரும்பலகை ஓரத்துல 'பதிவு 41, வருகை 38'ன்னு அழிக்காம கிடக்கு. எங்க வருகை ஏழு. யாரு எவருன்னு வெளிய பேசுறதில்ல, அதனால அதை விட்டுடுறேன். என் பேரை யாரும் கேக்கல, கட்டணமும் கேக்கல. பை ஒண்ணு சுத்தி வந்துச்சு. வாடகைக்கும் டீக்கும் அவங்களே போட்டுக்கிறாங்க, வெளியாள்கிட்ட நன்கொடை வாங்குறதில்லையாம். ஒரு பெரியவர் என் கையைப் பார்த்துட்டு டம்ளர்ல பாதிதான் டீ ஊத்தினார், சிந்தக்கூடாதுன்னு.

"இன்னைக்குக் குடிச்சீங்களா அண்ணாச்சி?"

"இல்ல."

"அப்புறமென்ன?"

"நாளைக்கு என்ன பண்ண?"

"அதை நாளைக்குப் பாப்போம். டீயைக் குடிங்க, ஆறுது."

சர்ச்சுக்குப் போறான், மதம் மாத்திடுவாங்கன்னு மச்சான் குதிச்சார். அவரவர் புரிஞ்சுக்கிட்ட கடவுள்னுதான் அங்க சொல்றாங்க. நான் ஐயப்பனையே நினைச்சுக்கிட்டேன், ஏற்கெனவே 48 நாள் பழக்கம் இருக்கே.

பதில் (திருச்சி):
குடிக்கிறவர் என் வீட்டுக்காரர், அலைஞ்சது நான். சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுங்கன்னு ஒருத்தர் பவுடர் வித்தார். கலந்து குடுத்தேன். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து மூஞ்செல்லாம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு. டைசல்ஃபிராம் மாதிரி, குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காமப் பண்ற மருந்தா இருக்கும், ஆளுக்குத் தெரியாம குடுக்கவே கூடாதுன்னு ஆஸ்பத்திரியில திட்டினாங்க. அப்புறம் அவருக்காக ஏ.ஏ. விசாரிச்சா, "உங்களுக்கும் ஒரு கூட்டம் இருக்கும்மா, குடிக்கிறவங்க வீட்டு ஆளுங்களுக்கு, அல்-அனான்"ன்னாங்க. நானா குடிக்கிறேன்னு கோவம் வந்துச்சு. ஆனா போனேன். ஏ.ஏ.வை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரோட சம்சாரமே 1951-ல தொடங்கினதாம். என் வீட்டுக்காரர் இன்னும் குடிக்கிறார். அவர் ஆபீசுக்குப் போன் போட்டு "காய்ச்சல்"னு பொய் சொல்றதை நான் நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு.

பதில் (கோவை):
எனக்கு ஏ.ஏ. ஒத்துவரல, நாலு பேர் முன்னாடி பேச வாய் வராது. மனநல டாக்டர், மாத்திரைன்னுதான் போகுது. எங்க தொடங்குறதுன்னே தெரியாதவங்க 14446-க்கு அடிக்கலாம், அரசோட இலவச எண்.

பதில் (ஊர் சொல்ல விரும்பல):
அண்ணாச்சி, நானும் பாளைதான். நாளைக்கு வரலாமா? இன்னைக்குக் குடிச்சிருக்கேன்.

முதல் பதிவர்:
வாங்க தம்பி. குடியை நிறுத்தணும்னு ஆசை இருந்தா போதும், வேற தகுதி எதுவும் கேக்கமாட்டோம். கேட்டைத் தாண்டிப் போயிட்டா வளைஞ்சு திரும்பி வாங்க. நான் வாசல்லயே நிக்கிறேன்.